கைவைத்த நாற்காலியும் நானூற்றைம்பது வாட்டும்

அன்று இயக்குநர் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சுழல் நாற்காலியில் இயக்குநர். கைவைத்த, ஆனால் சுழலாத நாற்காலியில் துணை இயக்குநர். முதுகு மட்டும் உள்ள நாற்காலியில் பண்டகக் காப்பாளர். எதைக் கேட்டாலும் முதலில் சாவியைத் தேடுவார் என்பதால் அவருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். மடக்கு நாற்காலியில், ஆற்றின் மட்டத்தைக் கணிக்கும் பெண். அவளை எல்லோரும் ‘மழைக்காரி’ என்பார்கள். கதவோரம் ஒரு முக்காலியில், ஓய்வுபெற்ற வயர்மேன். ஆறாவது ஆள் அங்கே இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. தானும் அன்று அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் முப்பது பேராவது தேறுவார்கள். விசாரணை வந்தபோதோ, இருந்த ஐவரில் மூவர் தாங்கள் இல்லவே இல்லை என்றார்கள்.

ஒரு கணினிக்கு எத்தனை வாட் பவர் சப்ளை போடுவது என்று முடிவுசெய்யத்தான் அவர்கள் கூடியிருந்தார்கள். அது ஆறாவது கூட்டம்.

நதிமட்ட முன்னறிவிப்பகத்துக்கு வேலை ஒன்றே ஒன்று. மேலே மலையில் பெய்யும் மழையைக் கணக்கில் வாங்கி, கீழே ஆறு எப்போது எவ்வளவு ஏறும் என்று சொல்லவேண்டும். சொன்னால் கூரைமேல் உள்ள அபாயச் சங்கு ஊதும். சங்கு ஊதினால் கரைத்தெருக்காரர்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். இந்த ஒரு வேலையைப் பதினெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்த பழைய கணினி கோடையின் முடிவில் செத்துப்போயிற்று. புதிதாக ஒன்று கட்டுவதற்குப் பாகங்கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன. பவர் சப்ளை மட்டும்தான் பாக்கி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினிக்குத் தக்கபடி பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது. இரண்டு செங்கல்லைச் சேர்த்துவைத்த அளவு இருக்கும். எத்தனை வாட் தாங்கும் என்பதை அதன் விலாவில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்தான் வினை.

எந்த மின்கருவியைப் பொருத்தினாலும், ‘இந்தப் பாரத்துக்கு இது போதும்’ என்று உரிமம் பெற்ற ஒருவர் சான்று எழுதவேண்டும் என்பது அலுவலக விதி. இப்போது வந்துபோகும் ஒப்பந்த ஆட்கள் யாருக்கும் உரிமம் கிடையாது. ஆகவே, ஓய்வுபெற்று எட்டு ஆண்டாகியிருந்த வயர்மேனுக்குக் கடிதம் போயிற்று.

அவர் அந்த அலுவலகத்துக்கு மூன்றாம் தலைமுறை வயர்மேன். தாத்தா கம்பி இழுத்தார், அப்பா பெட்டி மாட்டினார், இவர் முப்பத்துநான்கு ஆண்டு விளக்குப் போட்டார். “எங்க வீட்டுக் கையெழுத்துல இதுவரைக்கும் ஒரு ஃபியூஸ் போனதில்ல” என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். மகளுக்குச் சம்பந்தம் பேசியபோதுகூட, மகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் அதைத்தான் சொன்னார்கள். அறுபத்தாறு வயதிலும் அவர் சுவரில் சாயமாட்டார். பேருந்தில் இடம் கொடுத்தால் உட்காரமாட்டார். இடம் கொடுத்தவனை முறைப்பார்.

கடிதத்தை மடிப்புக் கலையாமல் கரைத்தெருவுக்கு எடுத்துப்போனார். அங்கே மகளும் மாப்பிள்ளையும் தையல்கடை வைத்திருந்தார்கள். நான்கு தையல் இயந்திரங்கள்; கடை வாசலுக்கும் ஆற்றுக்கும் அறுபது அடி.

“பெரிய விஷயமாத்தான் கூப்பிட்டிருக்காங்க,” என்றார்.

மகள் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினாள். “அப்பா, அந்தக் கம்ப்யூட்டர் ஓடுனாத்தான் எங்களுக்கு ரெண்டு மணி நேரம். நாலு மெஷினையும் தூக்கிட்டு ஸ்கூல் மாடிக்கு ஏற ஒன்றரை மணி நேரம் போயிடும். மிச்சம் அரை மணி நேரத்துல இவர் டீ குடிப்பார்.”

“ரெண்டு டீ,” என்றார் மாப்பிள்ளை, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மாமா, சும்மா ஒப்புக்குப் போயிட்டு வந்துடாதீங்க. எங்க உசுரு உங்க கையெழுத்துல தொங்குது.”

“எங்க வீட்டுக் கையெழுத்து தொங்காது மாப்பிள்ள. நிக்கும்.”

முதல் கூட்டத்தில் அவருக்குக் கொடுத்த முக்காலி அவருக்குப் பழக்கமானதுதான். அந்த அறையின் விளக்கை மாற்ற முப்பத்துநான்கு ஆண்டு அதன்மேல்தான் ஏறி நின்றிருக்கிறார். உட்கார்ந்தது அன்றுதான். பாகங்கள் வந்த அட்டைப் பெட்டிகளைத் திருப்பி, பின்னால் இருந்த எண்களைக் குறித்துக்கொண்டார். மின்விசிறி ஆனாலும் கணினி ஆனாலும் கூட்டல் ஒன்றுதானே. புரியாத இடத்தில் மழைக்காரியைக் கேட்டார். கடித உறையின் பின்பக்கம் பென்சிலால் எழுதி முடித்தார்.

“பிராசஸருக்கு நூத்தி எண்பது. கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னூத்தி இருபது. மழை நேரத்துல கணக்கு முழுசும் அதுலதான் ஓடுமாம். ஒரு கணம் அதுக்கு மேலயும் எகிறுமாம். மத்தது எல்லாம் சேர்ந்து எழுபது. ஆக ஐநூத்தி எழுபது. மூச்சு முட்ட எதையும் ஓட்டக்கூடாது. எழுநூத்தி ஐம்பது போடுங்க ஐயா. அவ்வளவுதான்.”

துணை இயக்குநர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பெரியவரே, இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும் ஐயா.”

“அதைத்தான் கேக்குறேன். இது என்ன, காய்கறிக் கடையா? ஒரு முடிவுன்னா அதுக்கு ஒரு வயசு வேணாமா? ரெண்டு நிமிஷத்துல பொறந்த முடிவை நாளைக்கு நாலு பேர் முன்னால நிறுத்த முடியுமா? நான் இந்த நாற்காலிக்கு வர இருபத்தாறு வருஷம் ஆச்சு. இருபத்தாறு வருஷத்துல ஒரு விஷயத்தைக்கூட நான் முடிவு பண்ணினதில்ல. அதனாலதான் இங்க உக்காந்திருக்கேன்.”

கூட்டக் குறிப்பில் பூட்டு இப்படி எழுதினார்: ‘விடை கிடைத்துவிட்டது. எனவே பரிசீலனைக்காக நிறுத்திவைக்கப்படுகிறது.’

இரண்டாம் கூட்டத்துக்குத் துணை இயக்குநர் ஒரு பழைய விதிப் புத்தகத்தோடு வந்தார். அவர் திறந்த பக்கத்தில் இருந்தது விளக்கு விதி. குண்டு பல்பு காலத்தில் எழுதியது. இயக்குநர் மேசைக்கு நூறு வாட், துணை இயக்குநர் மேசைக்கு அறுபது, மற்றவர்களுக்கு நாற்பது. ‘கீழ்ப்பணியாளர் மேசையில் உள்ள வாட், மேற்பணியாளர் மேசையில் உள்ள வாட்டை எட்டவோ மிஞ்சவோ கூடாது.’ பல்புகள் போய்விட்டன. விதி இருந்தது.

வயர்மேனுக்கு அந்த விதி மனப்பாடம். அதைப் பிசகாமல் காத்தவரே அவர்தான். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு குமாஸ்தா, கண் மங்குகிறது, அறுபது வாட் பல்பு ஒன்று போடுங்கள் என்று மூன்று வருடம் கெஞ்சினார். “விதின்னா விதிதான்” என்றுதான் வயர்மேன் மூன்று வருடமும் பதில் சொன்னார். கடைசியில் அந்தக் குமாஸ்தா தாளை மூக்கில் ஒட்டிக்கொண்டு எழுதினார். ஆனால் ஃபியூஸ் போகவில்லை.

“இயக்குநர் சார் கம்ப்யூட்டர்ல ஐநூறு வாட்,” என்றார் துணை இயக்குநர். “என்னோடதுல நானூத்தி ஐம்பது. இந்தம்மா மூணாம் தரம். இவங்க மேசைக்கு எழுநூத்தி ஐம்பதா? வெளியில தெரிஞ்சா சிரிக்கமாட்டாங்க?”

“சார், அது என் மேசை இல்ல,” என்றாள் மழைக்காரி. “ஆத்தோட கணக்கு சார் அது.”

“ஆத்துக்கு இங்க பதவி இல்லம்மா.”

இது நியாயம் என்று பூட்டு தலையசைத்தார். குறிப்பிலும் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் கூட்டத்தில் வயர்மேன் ஒரு வழி சொன்னார். “அப்படின்னா ஐயாவோட கம்ப்யூட்டர்ல ஆயிரம் வாட், துணை ஐயாவோடதுல எண்ணூத்தி ஐம்பது போட்டுடுங்க. அப்புறம் ஆத்துக் கம்ப்யூட்டருக்கு எழுநூத்தி ஐம்பது போட்டா விதி மீறாது.”

அறை அவரை முதல்முறையாக மனிதராகப் பார்த்தது. இயக்குநர் கூச்சப்பட்டார். “எனக்கு எதுக்குங்க ஆயிரம்? சரி, அலுவலக நன்மைக்குன்னா நான் என்னிக்கு மறுத்திருக்கேன்?” ஆனால் அவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். தலைமையகத்தில் தலைமை இயக்குநர். அவர் மேசையில் எத்தனை வாட் என்று தெரியாமல் ஆயிரம் போட்டால் அது கலகம். எனவே ஒரு கடிதம் போயிற்று: ‘தங்கள் மேசையில் தற்போது எத்தனை வாட் உள்ளது என்பதைத் தெரிவித்தருளவும்.’

பதில் வர மூன்று வாரம் பிடித்தது. அதற்குள் மலைமேல் மேகம் கட்டத் தொடங்கிவிட்டது. பதிலில் ஒரே வரி: ‘மடிக்கணினி. அறுபத்தைந்து வாட்.’

அன்று அந்தக் கட்டடத்தில் இழவு விழுந்ததுபோல் இருந்தது. தலைமை இயக்குநருக்கே அறுபத்தைந்து என்றால், இயக்குநர் ஐந்து ஆண்டாக ஐநூறை வைத்துக்கொண்டு அரசுக்கு எதிராகச் சதிசெய்திருக்கிறார். துணை இயக்குநரும் உடந்தை. பூட்டு அறை அறையாகப் போய், எல்லாக் கணினிகளையும் திறந்து, பெட்டியின் விலாவில் உள்ள எண்மேல் கறுப்பு நாடா ஒட்டினார். இயக்குநர் பயத்தில் ஒன்பது நாள் தன் கணினியைப் போடவே இல்லை. அலுவலகத்தில் எந்த வேலையும் நிற்கவில்லை; அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

நான்காம் கூட்டத்தில் துணை இயக்குநர்தான் காப்பாற்றினார். “சார், ராத்திரி பகலா யோசிச்சேன். விதி என்ன சொல்லுது? மேசையில உள்ள வாட். தலைமை இயக்குநர் சாரோடது கைப்பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போறது. அது மேசைக்குச் சொந்தமில்ல. கணக்குல வராது.”

இயக்குநர் எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. “இந்த மாதிரி மூளை இருக்கிற வரைக்கும் இந்தத் துறைக்கு அழிவில்ல,” என்றார். கறுப்பு நாடாவைப் பிரிக்க இரண்டு நாள் ஆயிற்று. மழைக்காரி எழுந்து, “சார், மலையில இந்த மாசம் மழை ஆரம்பிக்கும்,” என்றாள். அந்தக் கூட்டத்தின் பொருளில் மழை இல்லை என்று துணை இயக்குநர் நினைவூட்டினார்.

எப்படியோ ஐந்தாம் கூட்டத்துக்கு எழுநூற்றைம்பது வாட் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. வயர்மேனின் கணக்கை நம்பி மழைக்காரி முதல் வாரமே எழுதிக் கொடுத்திருந்த சீட்டு, கேட்பாரில்லாமல் தானாகவே நகர்ந்து நகர்ந்து பண்டகசாலைக்குப் போய்ப் பொருளாகத் திரும்பியிருந்தது. பூட்டு அதை மேசைமேல் வைத்தார். கறுப்பாக, கனமாக, அழகாக இருந்தது. இயக்குநர் அதைத் தடவிப் பார்த்தார்.

“எத்தனை?”

“எழுநூத்தி ஐம்பது சார்.”

“இந்தக் கட்டடத்துல இதைவிடப் பெரிய எண் வேற எங்கயாவது இருக்கா?”

“இல்ல சார்.”

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல அலுவலகத்தில் மேலதிகாரி எல்லாவற்றையும் வாய்விட்டுக் கேட்கவேண்டியதில்லை. எழுநூற்றைம்பது இயக்குநர் மேசைக்கு ஏறியது. அங்கிருந்த ஐநூறு துணை இயக்குநருக்கு இறங்கியது. துணை இயக்குநரின் நானூற்றைம்பது, ஆறு ஆண்டு தூசியோடு, ஆற்றுக் கணினிக்கு வந்தது. ஒரே பெட்டியில் இரண்டு பேருக்கு உயர்வு கிடைத்ததாக வாழ்த்துக் கூறி, கூட்டம் கைதட்டலோடு முடிந்தது.

“இன்னொரு எழுநூத்தி ஐம்பது வாங்கக்கூடாதா சார்?” என்று மழைக்காரி கேட்டாள்.

“எட்டவும் கூடாதுன்னு விதி இருக்கேம்மா. அப்போ எனக்கு ஆயிரம் வாங்கணும். ‘இயக்குநர் தனக்குப் பெருசா வாங்கிக்கிட்டார்’னு ஊர் பேசும். இந்த எழுநூத்தி ஐம்பதை நான் கேட்டு வாங்கல; தானா வந்துச்சு, மறுக்கல. எனக்கு எளிமைதான்மா முக்கியம்.”

ஆறாவது கூட்டம் சான்றுக்காக. தாள் தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. ‘நதிமட்டக் கணினியின் பாரத்துக்கு இந்த நானூற்றைம்பது வாட் மின்வழங்கி போதுமானது.’ கீழே வெற்றிடம்.

வயர்மேன் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். இரண்டு முறை படித்தார்.

“ஐயா, ஐநூத்தி எழுபது பாரத்துக்கு நானூத்தி ஐம்பது எப்படிப் போதும்? மழை வந்து இது முழு வேகம் எடுத்தா அப்பவே அணைஞ்சுடும்.”

“சோதனை பண்ணிட்டோமே,” என்றார் துணை இயக்குநர். “நேத்து மூணு மணி நேரம் ஓடுச்சு. திரையில நம்ம முத்திரை பளிச்சுன்னு தெரிஞ்சுது. அணைஞ்சுதா? இல்ல.”

“வெயில்ல சும்மா ஓட்டினா தெரு விளக்கு பாரம்கூட இருக்காதுங்க. கணக்கு ஓடலையே.”

“வயர்மேன், நான் சொல்றதைக் கேளுங்க. வருஷத்துல முன்னூத்தி நாப்பது நாள் மழையே இல்ல. முன்னூத்தி நாப்பது நாளைக்குப் போதும்னா அது பெரும்பான்மை. மிச்சம் இருபத்தஞ்சு நாளுக்காக ஒரு பெட்டியைக் குறை சொல்றது, அதோட சேவையை அவமதிக்கிற மாதிரி.”

“அந்த இருபத்தஞ்சு நாளுக்காகத்தான் சார் இந்த ஆபீஸே இருக்கு,” என்றாள் மழைக்காரி. பூட்டு அதைக் குறிப்பில் எழுதவில்லை. மடக்கு நாற்காலிக்கு அவ்வளவுதான் மரியாதை.

வயர்மேன் எழுந்தார். தாளை மேசைமேல் திருப்பி வைத்தார். “எங்க வீட்டுக் கையெழுத்துல இதுவரைக்கும் ஒரு ஃபியூஸ் போனதில்ல ஐயா. என்னை மன்னிக்கணும்.” கதவுப் பக்கம் திரும்பி இரண்டு எட்டு வைத்தார். இது உண்மை. இதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை.

இயக்குநர் பூட்டைப் பார்த்தார். பூட்டு சாவியைத் தேடினார். பக்கத்து அறையைத் திறந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, முக்காலி இருந்த இடத்தில் வைத்தார். முதுகுள்ள நாற்காலி. இரண்டு பக்கமும் கைகள். கைகளின் முனை உருண்டு, தேய்ந்து, மெருகேறி இருந்தது.

“உக்காருங்க ஐயா,” என்றார் இயக்குநர்.

அந்த அறையில் ‘ஐயா’ என்ற சொல் எப்போதும் மேசையை நோக்கித்தான் போகும். மேசையிலிருந்து கதவுப் பக்கம் வந்தது அன்றுதான். வயர்மேன் நின்றார்.

“உங்க தாத்தா இந்த வாசல்லயே நின்னுட்டுப் போனவர். உங்க அப்பா இந்த அறைக்குள்ள நின்னுட்டுப் போனவர். நீங்க முக்காலிமேல நின்னவர். மூணு தலைமுறையில ஒருத்தராவது உக்காரணும்னு எனக்கு ஆசை. கௌரவ மின் ஆலோசகர்னு உங்களைப் போடச் சொல்லியிருக்கேன். இனிமே வர்ற எல்லாக் கூட்டத்துக்கும் இந்த நாற்காலி உங்களுது. உங்க வீட்டுக் கையெழுத்தோட மதிப்பு எனக்குத் தெரியாதா? மதிப்பு தெரிஞ்சதாலதானே அதைக் கேக்குறேன். தெரியாதவன் கையெழுத்தை நான் கேட்டிருப்பேனா?”

“சான்று வந்தாத்தான் நாற்காலியை உங்க பேர்ல பதிய முடியும்,” என்று பூட்டு சங்கடத்தோடு சேர்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. விதி அப்படி.

வயர்மேனின் மனதில் என்ன ஓடியது என்று சொல்லவேண்டுமானால், முதலில் நான்கு தையல் இயந்திரங்கள் ஓடின. அடுத்து, வாசலில் நின்ற தாத்தா. அதற்கு அடுத்து, இந்த வருஷம் மழை பொய்க்கவும் கூடும் என்ற எண்ணம். நினைப்பு இந்த வரிசையில் வந்தால் முடிவு என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் உட்கார்ந்தார். முழங்கைகள் நாற்காலியின் கைகளில் படிந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக முதுகைச் சாய்த்தார். பிறகு பேனாவை வாங்கினார்.

மழைக்காரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அன்று மாலை கரைத்தெருவில் மகள் கேட்டாள். “என்னப்பா முடிவாச்சு?”

“உக்காரவெச்சுப் பேசினாங்கம்மா,” என்றார். “கைவைத்த நாற்காலி.”

“பெட்டி?”

“பெட்டி போட்டாச்சு.”

மகளின் முகம் தெளிந்தது. மாப்பிள்ளை டீ வாங்கிவர எழுந்தார்.

பதினோராம் நாள், பட்டப்பகலில், மலையில் வானம் பொத்துக்கொண்டது. மழைக்காரி கணக்கை ஓடவிட்டாள். கிராபிக்ஸ் கார்டு வேகம் எடுத்தது, விசிறிகள் அலறின, நாற்பதாவது விநாடியில் கணினி அணைந்தது. மறுபடி போட்டாள். நாற்பது விநாடி. அணைந்தது. ஒன்பது முறை போட்டாள். ஒன்பது முறையும் அதே நாற்பது விநாடி. அந்தப் பெட்டி நேர்மையானது. கணினியின் விலாவில் ஒட்டியிருந்த சான்றை அவள் ஒன்பது முறையும் பார்க்கவேண்டியிருந்தது.

இயக்குநர் அறைக்கு ஓடினாள். அங்கே எழுநூற்றைம்பது வாட் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் கணினியைத் தொட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்ததால் திரையில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன.

“சார், நாலு திருகுதான். பத்து நிமிஷத்துல மாத்திடுவேன். ஆறு ஏறுது சார்.”

“தாராளமா எடுத்துக்கோம்மா. நான் என்ன வேணாம்னா சொல்றேன்? கூட்டம் கூட்டி ஒரு வரி எழுதிடுவோம். துணை இயக்குநர் சாப்பிடப் போயிருக்கார். ஆலோசகர் ஐயாவுக்கும் சொல்லி அனுப்பணும். அவர் நாற்காலி இருக்கே, அவர் இல்லாம முடியாது.”

“அதுக்குள்ள சங்கையாவது ஊதவா சார்?”

“கம்ப்யூட்டர் அச்சடிச்ச தாள் இருக்கா?”

“கம்ப்யூட்டரே ஓடலையே சார்.”

“தாள் இல்லாம எப்படிம்மா ஊதுறது? நாளைக்கு வெள்ளம் வரலைன்னா யார் பதில் சொல்றது?”

அவள் சுவரில் இருந்த ஆற்றுமட்டக் காட்டியைப் பார்த்தாள்; முள் ஏறிக்கொண்டிருந்தது. மாடிக்கு ஓடித் தன் கையாலேயே சங்கின் பொத்தானை அழுத்தினாள். வெள்ளத்துக்கு இருபது நிமிடம் முன்னால். இரண்டு மணி நேரம் அல்ல, இருபது நிமிடம். கரைத்தெருவில் பதினான்கு பேர் வெள்ளத்தோடு போனார்கள். தாள் இல்லாமல் சங்கு ஊதிய குற்றத்துக்காக மறுநாளே மழைக்காரியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள்.

ஏழாவது கூட்டம் விசாரணைக் கூட்டம். கைவைத்த நாற்காலி அதன் இடத்தில் போடப்பட்டிருந்தது; வயர்மேன் வரவில்லை. நாற்காலி வந்ததாகப் பூட்டு குறித்துக்கொண்டார். இயக்குநர் பேசிய பேச்சு முழுவதும் குறிப்பில் இருக்கிறது.

“மின்வழங்கி பழுதாகிவிட்டதுன்னு சிலர் பேசுறாங்க. அது அபாண்டம். நிபுணரைக் கேட்டாச்சு. தாங்க முடியாத பாரம் வந்தா உடனே தன்னை அணைச்சுக்கணும்; அதுதான் நல்ல கருவிக்கு லட்சணமாம். ஊர்ல அத்தனை பொருள் நாசமாச்சு. ஆனா நம்ம மின்வழங்கிக்கு ஒரு கீறல் இல்ல. ஆபத்து நேரத்துல அது பதறல, அடுத்தவங்க வேலையில தலையிடல, தன்னைக் காப்பாத்திக்கிச்சு. இந்த அலுவலகத்துல சேர்ந்த நாள்லேர்ந்து நான் கடைப்பிடிக்கிற ஒழுக்கமும் அதுதான்.”

கைதட்டினார்கள். துணை இயக்குநர் கொஞ்சம் அதிகமாகத் தட்டினார்.

வயர்மேன் அப்போது பள்ளிக்கூட மாடியில் இருந்தார். மகள் மூன்று தையல் இயந்திரங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான்காவதை எடுக்கத்தான் மாப்பிள்ளை திரும்பிப் போனது. வயர்மேன் நின்றார். அங்கே நாற்காலி ஏதும் இல்லை. இருந்திருந்தாலும் யாரும் போட்டிருக்கமாட்டார்கள்.

மகள் நிமிர்ந்தாள்.

“மழைக்கார அக்கா வந்திருந்தாங்கப்பா. நீங்க எழுதினதை அந்தக் கம்ப்யூட்டர்மேல ஒட்டிவெச்சிருந்தாங்களாம். வெள்ளம் வடிஞ்சப்புறமும் அது அப்படியே இருக்காம்.”

அவர் மூன்று இயந்திரங்களையும் பார்த்தார்.

“நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு. கையெழுத்து மட்டும் நின்னுச்சு.”

இப்போது ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. கதவுப் பக்கம் திரும்பிய வயர்மேன் திரும்பியவர் திரும்பியவர்தான், அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார், சான்றில் இருப்பது போலிக் கையெழுத்து, அந்த வீட்டு மனிதர் உயிரே போனாலும் பொய்ச்சான்று எழுதமாட்டார் என்று சொல்கிறார்கள். சொந்தக்காரர்களும் மறுப்பதில்லை. குடும்பத்துக்கு இதைவிடப் பெருமையான பேச்சு இனிக் கிடைக்கப்போவதில்லை.

அது பொய். கையெழுத்து அவருடையதுதான். சாய்ந்து உட்கார்ந்ததில் மேசை எட்டவில்லை. நாற்காலியை அவரே முன்னால் இழுத்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டார்.